வலது பின்சீட்டின் பாரம்

சினாயிட்,
பிலிப்பைன்ஸ்,
19 ஜூன் 1988

தம்பி செல்மோவுக்கு,

அம்மாவை அடக்கம் செய்த பிறகு நான் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் 'அக்கா, மனாங்' என்று ஒரு வரி பதில்கூட நீ எழுதவில்லை. சரி, கோபத்தை வைத்துக்கொள், நான் கேட்கவில்லை. இந்தக் கடிதம் அம்மாவைப் பற்றியது இல்லை. சவூதிக்குப் போகும்போது நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போன காரைப் பற்றியது. காரோடு உனக்குச் சண்டை ஒன்றும் இல்லையே?

கார் வலது பின்பக்கம் சாய்ந்துவிட்டது. இடப்பக்கம் சக்கரத்துக்கும் மேலே இருக்கும் தகரத்துக்கும் நடுவில் என் முஷ்டியே போகிறது. வலப்பக்கம் விரல்களை நுழைத்தால் தோல் உரிகிறது. ஆள் இல்லாமல், பூண்டு மூட்டை இல்லாமல், வெறும் வண்டியாக நிற்கும்போதே இந்த லட்சணம். பள்ளத்தில் இறங்கினால் டயர் தகரத்தில் உரசிக் கத்துகிறது.

மெக்கானிக் அண்ணன் மனோங் பிடியோங்கின் பட்டறைக்கு ஓட்டிப் போனேன். கீழே படுத்துப் பார்த்தார். சட்டென்று வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். வேலையை ஆரம்பிக்கும் முன்பே கையைத் துடைக்கும் மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

"சிசாங், ஏத்தியிருக்கிற பாரத்தை இறக்கிட்டு வாம்மா. அப்புறம் பாக்கலாம்."

"என்ன பாரம் மனோங்? வண்டி காலியாத்தானே நிக்குது?"

"காலின்னு நீ சொல்ற" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டார். விகன் ஊரில் இரண்டு பட்டறைகளுக்குப் போனேன். இவர் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். ஒருவன் வண்டியைத் தெருவிலேயே நிறுத்தச் சொன்னான், வாசலுக்குள் விடவில்லை.

அதனால் நானே கழற்றிப் பார்ப்பதாக முடிவு செய்துவிட்டேன். உன் ஸ்பேனர் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்வது போல் எழுது. இந்த வண்டி நின்றுவிட்டால் பூண்டைத் தலையில் சுமந்துதான் சந்தைக்குப் போக வேண்டும். எனக்கோ கழுத்து ஏற்கனவே சரியில்லை.

உன் மனாங்,
சிசாங்


தம்மாம்,
சவூதி அரேபியா,
8 ஜூலை 1988

மதிப்பிற்குரிய மனாங் நர்சிசா அவர்களுக்கு,

கார் விஷயமாகக் கேட்டிருந்தீர்கள். கார் விஷயமாக மட்டும் பதில் எழுதுகிறேன்.

சமதளத்தில் நிறுத்துங்கள். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜாக்கியால் தூக்கியதும் சேசிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு, அடியில் இரும்பு ஸ்டாண்டு கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் கீழே போகாதீர்கள். இதை இரண்டு முறை படியுங்கள்.

சக்கரத்தைக் கழற்றினால், நீளமான இரும்புப் பட்டைகள் ஒன்றின் கீழ் ஒன்றாக, வில் போல வளைந்து கட்டாக இருக்கும். அதுதான் ஸ்பிரிங். நடுவில் சக்கர அச்சான ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் வளைந்த போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கும். முந்தின நாளே மண்ணெண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். வலது கட்டைக் கழற்றி இடப்பக்கமும், இடது கட்டை வலப்பக்கமும் மாற்றிப் போடுங்கள். சாய்வு இடப்பக்கத்துக்கு மாறினால் ஸ்பிரிங்தான் குற்றவாளி. மாறவில்லை என்றால் வேறு இடத்தில் தேடலாம்.

பிடியோங் சொன்னதை நம்பாதீர்கள். இரும்பு என்றால் ஒருநாள் தொய்யத்தான் செய்யும். எனக்குக் கீழ்க்கட்டிலில் படுத்த விர்ஹிலியோ மார்ச் மாதம் கிரேன் விழுந்து செத்துப்போனான். உடலைப் பெட்டியில் வைத்து அவன் ஊரான பங்கசினானுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து அந்தக் கட்டிலில் யாரும் படுப்பதில்லை. ஆனாலும் நடுவில் ஆள் படுத்த மாதிரியே குழிந்து கிடக்கிறது. அதற்காக நான் அறையைக் காலி செய்துவிட்டா ஓடினேன்?

கார் விஷயம் முடிந்தது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். "காத்திருங்கள், வருகிறேன்" என்று தந்தி அடித்தேன். என் பாஸ்போர்ட்டைக் கம்பெனியிடமிருந்து வாங்க மேனேஜரின் அறை வாசலில் நாள் முழுக்க நின்றேன். கையெழுத்துக் கிடைக்கும் நேரத்தில் "அடக்கம் முடிந்தது" என்று உங்கள் தந்தி வந்தது. பெற்றவளின் முகத்தை நான் ஒரு தடவை பார்க்கும்வரை வைத்திருக்க உங்களால் முடியவில்லை.

இப்படிக்கு,
அன்செல்மோ


சினாயிட்,
30 ஜூலை 1988

செல்மோ,

'மதிப்பிற்குரிய அவர்கள்' படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் அழுதேன். கடைசிப் பத்திக்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன். சொன்னால் உன் மாதிரியே கொட்டிவிடுவேன்.

வேலை நடந்தது. உன் பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். போல்ட்டு அசையவே இல்லை. மண்ணெண்ணெய் இரண்டு இரவு ஊறியும் அசையவில்லை. கடைசியில் ஸ்பேனரின் பிடியில் தண்ணீர்க் குழாயைச் செருகி, அதன் மேல் ஏறி நின்று குதித்தேன். எதிர்வீட்டு பூரித்தா வேலியில் தொங்கிக்கொண்டு, "மனாங், ஃபியஸ்டா திருவிழாவுக்கு ஆட்டமா பழகுறீங்க?" என்று கேட்டாள். "வந்து நீயும் ஆடு" என்றேன். வந்து ஸ்டாண்டைப் பிடித்தாள், பாவம், நல்ல பெண்.

கட்டுகளை மாற்றிப் போட்டேன். ஒரு விரல் நசுங்கி நகம் கறுத்துவிட்டது, அதைப் பற்றிப் புலம்பவில்லை. வண்டியை இறக்கினேன். கொஞ்ச நேரம் சமமாக நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை, பூரித்தாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்புறம் எங்கள் கண் முன்னாலேயே வலப்பக்கம் மெதுவாகத் தாழ்ந்தது. தானாக அல்ல செல்மோ. முதலில் ஒரு அமுங்கல், பிறகு ஒரு நகர்வு, பிறகு இன்னும் கொஞ்சம் அமுங்கல். வயதானவர்கள் படி ஏறி, உட்கார்ந்து, பாவாடையைச் சரி செய்துகொள்வார்களே, அந்த மாதிரி.

பூரித்தா ஸ்டாண்டை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், சிரிக்காதே. வலது பின்ஜன்னல் ஓரத்தில் தினமும் சாம்பல் இருக்கிறது. துடைத்தால் மறுநாள் மறுபடி. என் வண்டியில் சுருட்டுப் பிடிப்பவர் யாரும் இப்போது இல்லை.

இரும்பில் வேறு எங்கே தேடலாம் என்று எழுது. இரும்பில்தான் தேட விரும்புகிறேன்.

சிசாங்


தம்மாம்,
17 ஆகஸ்ட் 1988

மனாங்,

பட்டைக் கட்டின் இரண்டு முனைகளிலும் புஷ் என்கிற ரப்பர் வளையம் இருக்கும். நசுங்கி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா பாருங்கள். வண்டியின் மூலையைக் கையால் அழுத்திவிட்டு விடுங்கள். ஒரு தடவை எழுந்து நின்றுவிட்டால் நல்லது, தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் அது செத்துவிட்டது. சேசிஸில் விரிசல் இருக்கிறதா என்று கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டேன். ஆனால் இதில் எதுவும் காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஸ்பிரிங்கை மாற்றியும் சாய்வு மாறவில்லை என்றால், வண்டியின் மேலே பாரம் இருக்கிறது. பட்டறையில் நேற்று வந்த பையனும் அதைத்தான் சொல்வான்.

அம்மா எப்போதும் வலது பின்சீட்டில்தான் உட்காருவாள். அந்த ஜன்னல் இல்லாவிட்டால் அவளுக்கு வாந்தி வரும். சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் பிடித்துவிட்டு, சாம்பலை அந்த ஜன்னல் ஓரத்தில்தான் தட்டுவாள். நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன்!

மனாங், கோபமாகக் கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து வண்டியைக் கிளப்பும்போது யாராவது கூப்பிட்டீர்களா?

செல்மோ


சினாயிட்,
9 செப்டம்பர் 1988

செல்மோ,

நான்தான் கூப்பிட்டேன்.

ஆற்றங்கரையோ ஆஸ்பத்திரியோ, ஓர் இடத்தை விட்டுக் கிளம்பினால் "வா, போலாம், பின்தங்கிடாத" என்று நம் ஆவியைக் கூப்பிட்டுக்கொண்டுதானே கிளம்புவோம்? அது அங்கேயே மலைத்து நின்றுவிட்டால் நமக்குக் காய்ச்சல் வரும் என்று அம்மாவே சொல்லிக்கொடுத்தது. கல்லறையிலிருந்து கிளம்பும்போது மட்டும் வாயை மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் செத்தவர்களும் கூடவே வந்துவிடுவார்கள். அதுவும் தெரியும். ஆனால் அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. குழிக்குள் தண்ணீர் ஊறி, பெட்டி மிதந்தது. இரண்டு பேர் கம்பால் அழுத்திப் பிடிக்க, மற்றவர்கள் மண் போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். என் வாய் தானாகச் சொன்னது. "வா, போலாம், பின்தங்கிடாத." பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. காற்று என்று நினைத்தேன்.

உனக்காக ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்டாய். ஊருக்குள் வெள்ளம் புகுந்து மின்சாரம் போய்விட்டது. ஐஸ் கிடைக்கவில்லை. அதற்கு மேல் எழுத வேண்டாம் செல்மோ, நீயே புரிந்துகொள். நீ அவள் முகத்தை நல்லபடியாக நினைவு வைத்திருக்க வேண்டும் என்றுதான் மூடினேன். நீ திட்டுவாய் என்று தெரிந்தேதான் செய்தேன்.

நீ சொன்ன வேலைகளையும் செய்துவிட்டேன். புஷ் எல்லாம் புதிது. ஷாக் அப்சார்பர் இரண்டும் புதிது. சேசிஸில் விரிசல் இல்லை. இப்போது என் நகத்து அழுக்கைப் பார்த்தால் சந்தையில் பூண்டு வாங்குபவர்கள் முகம் சுளிக்கிறார்கள். வண்டி மட்டும் அப்படியே சாய்ந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் நிறுத்தினால் நிமிர்ந்துகொள்கிறது. பூசை முடிந்து நான் வெளியே வரும்வரை நிமிர்ந்தே நிற்கிறது. நான் சாவியைப் போட்டதும் மறுபடி ஏறி உட்காருகிறாள். பூசைக்குப் போய்விட்டு வருகிறாள், வேறென்ன?

சந்தைக்கு வருகிறவர்கள் யாரும் இப்போது என் வண்டியில் ஏறுவதில்லை. போன வாரம் ஒரு பெண் தெரியாமல் அந்த இடத்தில் உட்காரப் போனாள். "ஐயோ, மன்னிச்சுக்கங்க பாட்டி" என்று எழுந்துவிட்டாள். அப்புறம் திரும்பிப் பார்த்தாள், சீட்டில் யாரும் இல்லை, கீழே இறங்கி ஒரே ஓட்டம். எல்லோரும் சொல்கிறார்கள் என்று கல்லறை வாசலுக்கு ஓட்டிப்போய்ப் பின்கதவைத் திறந்துவைத்து, "இறங்கும்மா" என்றேன். கெஞ்சினேன். வண்டி அசையவில்லை.

அவள் ஏன் இறங்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது அந்தச் சீட்டில் சாய்ந்துகொண்டு, "சிசாங், நேரா செல்மோகிட்ட ஓட்டு" என்றாள். "சரிம்மா" என்றேன். நான் ஓட்டிக்கொண்டிருப்பதாகத்தான் அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. அவளிடம் அல்ல. சாய்ந்த வண்டி வளைவில் ஒருநாள் என்னைக் கவிழ்த்துவிடும். ஆனால் வண்டியை விற்றால் அவளையும் சேர்த்து யாரோ ஒருவனிடம் விற்றதாகிவிடும்.

சிசாங்


தம்மாம்,
28 செப்டம்பர் 1988

மனாங்,

விற்காதே. இறக்கிவிடாதே. நான் எழுதிய அந்தக் கடைசிப் பத்தியைக் கிழித்து அடுப்பில் போடு. பெட்டியைக் கம்பால் அழுத்தினார்கள் என்று படித்த பிறகு என்னால் இரண்டு நாள் வேலை செய்ய முடியவில்லை. அதை நீ தனியாக நின்று பார்த்திருக்கிறாய். நான் இங்கே குளிரூட்டிய அறையின் வாசலில் நின்றுகொண்டு உன்னைச் சபித்திருக்கிறேன்.

பாரத்தை இறக்க முடியாது என்றால் பாரத்துக்கு ஏற்றபடி வண்டியைச் செய்ய வேண்டும். அதுதான் எங்கள் வேலை. சொல்கிறேன், கவனமாகப் படி.

பழைய இரும்புக் கடையில் இதே அகலத்தில் ஒரு பட்டை வாங்கு. வலது கட்டை மட்டும் கழற்று. பிரிக்கும் முன் இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொள், இல்லையென்றால் பட்டைகள் துள்ளி முகத்தில் அடிக்கும். நடுப் போல்ட்டைக் கழற்றி, மேலிருந்து இரண்டாவது பட்டைக்கு அடியில் புதுப் பட்டையை வை. கட்டு தடிமனாகிவிடும், அதனால் நீளமான போல்ட்டு வேண்டும். பட்டைகளுக்கு நடுவில் கிரீஸ் தடவு.

முக்கியமானது இதுதான். முனையில் புஷ் இருக்கும் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முழுதாக முறுக்காதே. அப்படி முறுக்கினால் ரப்பர் முறுகிக் கிழிந்துவிடும். வண்டியைத் தரையில் இறக்கு. பாரம் முழுதும் ஏறட்டும். அதன் பிறகு கீழே படுத்து இறுக்கு.

அவள் உட்கார்ந்து, பாவாடையைச் சரி செய்துகொண்ட பிறகு இறுக்கு.

செல்மோ


சினாயிட்,
20 அக்டோபர் 1988

செல்மோ,

நல்லதை முதலில் சொல்கிறேன். பட்டை போட்டேன். இறக்கினேன். காத்திருந்தேன். அமுங்கியது, நகர்ந்தது, அமுங்கியது. அடியில் படுத்து, அவளுக்கு நேர் கீழே முகத்தை வைத்துக்கொண்டு போல்ட்டை இறுக்கினேன். வெளியே வந்து பார்த்தால் வண்டி கோயில் பீடம் மாதிரி சமமாக நிற்கிறது. இரண்டு பக்கமும் என் முஷ்டி போனது. மனோங் பிடியோங் தானாக வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "யார் போட்டது?" என்றார். "நான்தான்" என்றேன். "பாரத்தை இறக்கலையா?" என்றார். "எங்க அம்மா பாரமா மனோங்?" என்றேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

இனி கெட்டது. எதிர்வீட்டு பூரித்தாவுக்கு தம்மாமில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. மணிலா விமான நிலையம்வரை நான்தான் கொண்டுபோய் விட்டேன். உனக்கு உலர்ந்த மீனும், தாளோடு பின்னிய நம் பூண்டு ஒரு சடையும், நான் கழற்றிய தேய்ந்த புஷ் ஒன்றும் கொடுத்தனுப்பியிருக்கிறேன், நான் பொய் சொல்லவில்லை என்று நீயும் பார். வழியெல்லாம் வண்டி அலுங்காமல் போனது. பூரித்தாதான் முன்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள், பின்னால் திரும்பவே இல்லை.

அந்தப் பெண் விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததே கிடையாது. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் பயத்தில் நகராமல் நின்றாள். பாதி ஆவி இங்கேயே நின்றுவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, சத்தமாகக் கூப்பிட்டாள். "வா, வா, போலாம், பின்தங்கிடாத!" காவலாளிகூடச் சிரித்தான். நான் அவளுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் வண்டியின் ஸ்பிரிங் முனகியது.

திரும்பிப் பார்த்தேன். வலப்பக்கம் எழுந்து நின்றது. நான் சேர்த்த பட்டைக்கு இப்போது சுமக்க ஒன்றும் இல்லை. வண்டி இடப்பக்கம் சாய்ந்துவிட்டது.

திரும்பக் கூப்பிட்டேன் செல்மோ. கல்லறை வாசலில் இறங்கச் சொல்லிக் கெஞ்சிய அதே வாயால், அத்தனை பேருக்கு நடுவில் நின்று கூப்பிட்டேன். காவலாளி வண்டியை எடுக்கச் சொல்லும்வரை கூப்பிட்டேன். யாரும் ஏறவில்லை. ஊர் வரும்வரை வண்டி இடப்பக்கமாக இழுத்துக்கொண்டே வந்தது. ஜன்னல் ஓரத்தைத் தினமும் தடவிப் பார்க்கிறேன். சாம்பல் இல்லை. இரண்டாவது தடவையும் அம்மாவை நான்தான் தொலைத்தேன்.

சிசாங்


தம்மாம்,
14 நவம்பர் 1988

மனாங்,

அழாதே. அவள் தொலையவில்லை.

பூரித்தாவைப் பார்க்க ஆஸ்பத்திரி வாசலுக்குக் கம்பெனி பிக்கப்பில் போனேன். இரண்டு சீட்டு வரிசை உள்ள வண்டி அது, நான்தான் ஓட்டுகிறேன். அவள் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு மாதிரி என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"மனோங் செல்மோ, விமானத்துல எனக்குப் பக்கத்துச் சீட்டு காலிதான். ஆனா விமானத்துல பரிமாறுற பொண்ணு வந்து ரெண்டு சாப்பாட்டுத் தட்டு வச்சிட்டுப் போனா. கேட்டா, 'உங்க கூட வந்தவங்க பாத்ரூம் போயிருக்காங்களா?'ன்னா. நான் கண்ண மூடிக்கிட்டு ரெண்டையும் சாப்பிட்டுட்டேன்."

பொட்டலத்தை முன்சீட்டில் வைத்தேன். பின்கதவு சாத்தியது. பிக்கப்பின் வலது பின்பக்கம் அமுங்கியது, நகர்ந்தது, அமுங்கியது. இத்தனை வருடம் இந்த வேலை செய்கிறேன், அடியில் குனிந்து பார்க்கவே தோன்றவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். கண்ணாடியில் யாரும் தெரியவில்லை. நான் பேசினேன். முகம் பார்க்க முடியாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டேன். நேராகக் கடற்கரைக்கு ஓட்டிப்போனேன். நான் வேலை செய்யும் பட்டறையைக் காட்டினேன், இதுதாம்மா என் இடம் என்று. சாயங்காலம் ஜன்னல் ஓரத்தில் சாம்பல் இருந்தது. நான் திட்டவில்லை.

இப்போது அடுத்த விஷயம். எனக்கு விடுப்புக் கிடைத்துவிட்டது. டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி மணிலாவில் இறங்குகிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வர வேண்டுமே, கூப்பிட்டால் பிக்கப்பிலிருந்து இறங்குவாளா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ள நினைத்தேன். எங்கள் தொழிலாளர் முகாமில் என் அறை வாசலில் நின்று, "வாங்க, போலாம், யாரும் பின்தங்கிடாதீங்க" என்றேன். பெயர் சொல்லவில்லை. அவள் ஒருத்திதானே என்று நினைத்தேன்.

முற்றத்துக்கு வந்தேன். அம்மா இறங்கவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தாள். ஆனால் பிக்கப் இடப்பக்கமும் தாழ ஆரம்பித்தது. ஒரு அமுங்கல். பிறகு இன்னொன்று, பாரமானது. இரண்டு பக்கமும் சேசிஸ் போய் ரப்பர்க் கட்டையில் இடித்து நின்றது. பட்டப்பகல், சுற்றி ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் தட்டோடு எழுந்துவிட்டார்கள்.

அறைக்கு ஓடினேன். விர்ஹிலியோவின் கட்டில் நிமிர்ந்து கிடந்தது. குழி இல்லை. அதே அறையில் இருந்து போன வருடம் இறந்த ஒனோப்ரேயின் கட்டிலும் அப்படியே. உடல்களைத்தான் பெட்டியில் அனுப்பினார்கள் மனாங். வண்டியில் ஏற்றும்போது யாரும் கூப்பிடவில்லை. நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், எனக்கும் தோன்றவில்லை.

கிளம்பும்போது அம்மாவை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், இவர்கள் இருவரும் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. பொதுவாகக் கூப்பிட்டால் இன்னும் யார் யார் இங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. வண்டி உன்னுடையது. மலையோரத்து வளைவுகளில் ஓட்டப்போவதும் நீதான். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

செல்மோ


சினாயிட்,
2 டிசம்பர் 1988

தம்பி,

நீ கிளம்பும் முன்பே இது உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்று தபால் நிலையத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

பொதுவாகக் கூப்பிடு. சத்தமாகக் கூப்பிடு. முகாம் வாசலில் ஒரு தடவை, விமானத்துக்கு முன்னால் ஒரு தடவை. கூச்சப்படாதே, பூரித்தாவே கூப்பிட்டாள்.

இடப்பக்கமும் ஒரு பட்டை சேர்த்துவிட்டேன். அப்புறம் யோசித்து, இரண்டு பக்கமும் இன்னொன்று சேர்த்தேன். உன் துணையே இல்லாமல், ஒரு போல்ட்டும் உடையாமல். வண்டி இப்போது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைச் சேவல் மாதிரி நிற்கிறது. சந்தையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். "என்ன சிசாங், அரிசி மூட்டையா ஏத்தப் போற?" என்று கேட்கிறார்கள். "சொந்தக்காரங்க வர்றாங்க" என்கிறேன்.

விர்ஹிலியோவின் வீடு பங்கசினானில் நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருப்பதாகப் பூரித்தா எழுதியிருக்கிறாள், நீ அவளிடம் சொன்னாயாமே. ஒனோப்ரேயின் வீடு லா உனியோனில். இரண்டும் நாம் வரும் வழிதான். ஒவ்வொரு வாசலிலும் நிறுத்திப் பின்கதவைத் திறந்துவைப்போம். தெரியாத ஊர்க்காரர்கள் ஏறியிருந்தால் அவர்களுக்கும் நிறுத்துவோம். வண்டி நிமிர்ந்தால் இறங்கிவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். கடைசியில் நம் கல்லறைத் தோட்டம். நீ அவள் பக்கத்தில் நின்று அழுது முடி. அப்புறம் இறங்குவதும் இறங்காததும் அம்மாவின் இஷ்டம். இறங்காவிட்டால் வலது பக்கப் பட்டையை நான் கழற்ற மாட்டேன், உயிரோடு இருக்கும்வரை.

எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. எத்தனை பேர் ஏறுவார்கள் என்று எனக்கும்தான் தெரியாது. ஆனால் நீ சொன்னது நினைவிருக்கிறது. பாரம் முழுதும் ஏறின பிறகுதான் இறுக்க வேண்டும். அதனால் விமான நிலைய வாசலில் உன்னைப் பார்த்ததும் நான் ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை என்றால் தப்பாக நினைக்காதே. எல்லோரும் ஏறி உட்காரட்டும். நான் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் இருப்பேன்.

உன் மனாங்,
சிசாங்